பழைய கணினியைப் பிள்ளையிடம் தருமுன்

வீட்டுக்குப் புதுக் கணினி வந்தால் பழையது பிள்ளையின் மேசைக்குப் போகிறது. கொடுக்கும் முன் பெரியவர்கள் செய்வதும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். அலுவலகக் கோப்புகள் சிலவற்றை டெலிட் செய்வார்கள், ரீசைக்கிள் பின்னைக் காலி செய்வார்கள், முகப்புப் படத்தை மாற்றுவார்கள், பாஸ்வேர்டைப் பிள்ளையின் காதில் சொல்லிவிடுவார்கள். அந்நியர் ஒருவருக்கு விற்பதாக இருந்தால் இவர்களே இதைவிடக் கூடுதலாகக் கவலைப்பட்டிருப்பார்கள். என் கருத்து இதற்கு நேர் எதிரானது. அந்நியருக்கு விற்கும்போது எவ்வளவு முழுமையாகத் துடைப்பீர்களோ, பிள்ளைக்குத் தரும்போதும் அவ்வளவு முழுமையாகத் துடைத்து, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவித்தான் தர வேண்டும். வீட்டிலுள்ள கணினிகளிலேயே காவல் மிகக் குறைந்தது பிள்ளையின் கணினி. பெரியவரின் தடயத்தை அதில் விட்டுவைப்பது, இருப்பதிலேயே பலவீனமான இடத்தில் அதை வைப்பதாகும்.

‘நம் பிள்ளைதானே, அதனிடம் மறைக்க என்ன இருக்கிறது?’ என்ற கேள்வி உடனே வரும். மறைக்க வேண்டியது பிள்ளையிடம் இல்லை. அந்தக் கணினியில் பிள்ளை எதை இறக்கி ஓடவிடுகிறது என்பதில்தான் சிக்கல். 2023 ஜூனில் மைன்கிராஃப்ட் விளையாட்டுக்கான மோடுகள் சிலவற்றில் ‘ஃப்ராக்சரைசர்’ என்ற தீநிரல் புகுந்தது. ஏதோ இருட்டுத் தளத்தில் நடந்ததல்ல இது. உலகெங்கும் பிள்ளைகள் நம்பி இறக்கும் கர்ஸ்ஃபோர்ஜ், புக்கிட் தளங்களிலேயே நடந்தது. அந்த நிரல் உலாவியில் சேமித்திருந்த குக்கிகளையும் உள்நுழைவு விவரங்களையும் திருடியது. 2020இல் வெளிப்பட்ட ரெட்லைன் என்ற திருட்டு நிரலும், விளையாட்டில் குறுக்கு வழியில் ஜெயிக்க உதவும் ‘சீட்’ மென்பொருள், கிராக் செய்த மென்பொருள் ஆகியவற்றின் வேடத்தில்தான் பெரிதும் பரவியது. 2024 அக்டோபரில் நெதர்லாந்துக் காவல்துறையும் பிற நாட்டு அமைப்புகளும் சேர்ந்து அதன் வலையமைப்பை முடக்கும்வரை அது ஓடிக்கொண்டிருந்தது. இந்த வகை நிரல்களுக்கு பாஸ்வேர்டுகூடத் தேவையில்லை. நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்திருக்கிறீர்கள் என்பதற்கு அடையாளமான குக்கியை எடுத்துப்போனால், பல தளங்களில் ஓடிபி கேட்காமலே உங்கள் கணக்கில் உட்கார்ந்துவிடலாம். பத்து வயதுப் பிள்ளை எச்சரிக்கையாக இருக்கும் என்று நம்பி அதைத் தடுக்க முடியாது. திருட எதுவும் இல்லாத கணினியைப் பிள்ளைக்குக் கொடுப்பதுதான் தடுக்கும் வழி.

எதுவும் இல்லை என்று நீங்கள் நினைக்கும் கணினியில் என்னென்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். டவுன்லோட்ஸ் உறையைத் திறந்தாலே போதும். பான் அட்டையின் ஸ்கேன், வருமான வரி ரசீது, வங்கி அறிக்கை, ஆதார் பிடிஎஃப் எல்லாம் வரிசையாக இருக்கும். ஆதார் பிடிஎஃப் பூட்டியே வருகிறது என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததுதான் அதன் பாஸ்வேர்டு என்பது ஆதார் ஆணையமே வெளியிட்ட விதி. உங்கள் பெயரும் பிறந்த ஆண்டும் தெரிந்தவருக்கு அது பூட்டே இல்லை.

எதிர்த்திசையிலும் ஒரு காரணம் உண்டு. பெரியவரின் கூகுள் கணக்கு திறந்தபடி இருக்கும் கணினியைப் பிள்ளை பயன்படுத்தினால், இணைய நிறுவனங்களின் கண்ணுக்குப் பிள்ளையும் பெரியவர்தான். காட்டும் விளம்பரமும் பரிந்துரைக்கும் காணொளியும் பெரியவருக்கானவையாகவே இருக்கும். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. ஆனால் அந்தப் பாதுகாப்பு கிடைக்க, எதிரே இருப்பது குழந்தை என்று நிறுவனத்துக்குத் தெரிய வேண்டும். அப்பாவின் கணக்கில் உலவும் பிள்ளை அதை இழந்துவிடுகிறது. எனவே பழைய கணக்குகள் அந்தக் கணினியிலிருந்து போயாக வேண்டும். பிள்ளைக்கு வேண்டியவை பிள்ளையின் வயதைச் சொல்லியே தொடங்கப்பட வேண்டும்.

டவுன்லோட்ஸில் கிடக்கும் அந்தக் கோப்புகள் டெலிட் செய்தால் போய்விடாதா? போகாது. ஒரு கோப்பை அழிக்கும்போது, அது இருந்த இடம் இனி காலி என்று வட்டின் அட்டவணையில் குறித்துக்கொள்வதோடு விண்டோஸ் நின்றுவிடுகிறது. ஹார்ட் டிஸ்க்கில் எழுதப்பட்டது, அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை அப்படியே கிடக்கும். ஃபோட்டோரெக் போன்ற இலவசக் கருவிகள் அட்டவணையைப் பார்ப்பதே இல்லை. வட்டை நேரடியாகப் படித்து, படமோ பிடிஎஃப்போ தொடங்கும் அடையாளத்தைக் கண்டு அள்ளிவிடுகின்றன. குவிக் ஃபார்மட் அடித்தாலும் இதே நிலைதான். அட்டவணைதான் புதிதாகிறது. சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் இருவரும் பழைய சந்தையில் 158 ஹார்ட் டிஸ்க்குகளை வாங்கிச் சோதித்து 2003இல் வெளியிட்ட ஆய்வு இதை உலகுக்குக் காட்டியது. ஓடும் நிலையில் இருந்தவை 129. அவற்றில் முறையாகத் துடைக்கப்பட்டவை 12 மட்டுமே. மற்றவற்றிலிருந்து கடன் அட்டை எண்களும் மருத்துவக் குறிப்புகளும் அந்தரங்க மின்னஞ்சல்களும் வந்தன. அவற்றை விற்றவர்களில் பலரும் ஃபார்மட் அடித்துவிட்டோம் என்ற நம்பிக்கையில்தான் விற்றிருப்பார்கள்.

இன்னொரு பக்கம், துடைப்பதைப் பற்றிய பயமும் தேவைக்கு மேல் வளர்ந்திருக்கிறது. 35 முறை மேலெழுத வேண்டும் என்று சொல்லும் மென்பொருள்கள் இன்றும் உள்ளன. அந்த எண் பீட்டர் குட்மன் 1996இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. அன்றிருந்த பலவகை வட்டுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொல்லப்பட்ட கணக்கு அது. இன்றைய வட்டுக்கு அத்தனையும் செய்வது பொருளற்றது என்று குட்மனே பிற்பாடு எழுதினார். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட வழிகாட்டியும் ஹார்ட் டிஸ்க்குக்கு ஒருமுறை முழுதாக மேலெழுதினால் போதும் என்கிறது. 500 ஜிபி வட்டு நொடிக்குச் சுமார் 100 எம்பி வேகத்தில் எழுதினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பழைய லேப்டாப் வட்டானால் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். மாலையில் தொடங்கினால் சாப்பாட்டுக்குள் முடிகிற வேலை.

துடைக்குமுன் நகல் எடுக்க வேண்டும் என்பது எல்லோரும் அறிந்தது, விரிக்கத் தேவையில்லை. ஆனால் தமிழ் வீடுகளில் அடிக்கடி தவறிப்போகும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். யூனிகோடு பரவுமுன் தட்டச்சிட்ட தமிழ்க் கோப்புகள் பாமினி, வானவில், ஸ்ரீலிபி என ஏதோவொரு எழுத்துருவை நம்பியிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தாத்தாவின் குடும்ப வரலாறும் கல்யாணப் பத்திரிகையும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். கோப்பை மட்டும் நகலெடுத்துவிட்டு வட்டைத் துடைத்தால், கோப்பு கையில் இருந்தும் படிக்க முடியாது. விண்டோஸ் உறைக்குள் ஃபான்ட்ஸ் என்றிருக்கும் உறையையும் சேர்த்து எடுத்துவையுங்கள். இன்னும் நல்லது, அந்தக் கோப்புகளைத் திறக்க முடிகிற இப்போதே பிடிஎஃப்பாகவும் மாற்றிவிடுவது. கடைக் கணக்கு வைத்திருப்பவர்கள் டேலியின் தரவு உறையைத் தனியே பார்த்துக்கொள்ளுங்கள். அது டாக்குமெண்ட்ஸில் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. நகலை வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகுதான் அடுத்த படி.

இங்கே மூன்று மறுப்புகள் எழும். மூன்றுமே பாதி சரியானவை. முதலாவது, பிள்ளைக்குத் தனிப் பயனர் கணக்கு உருவாக்கினால் போதாதா என்பது. அதற்குப் பலன் உண்டு என்பதை மறுக்க முடியாது. ஒரு கணக்கில் ஓடும் சாதாரண நிரல் இன்னொரு கணக்கின் உறையைத் திறக்கவோ அதன் உலாவி பாஸ்வேர்டுகளைப் படிக்கவோ விண்டோஸ் விடாது. ஆனால் நிர்வாகி அனுமதி கேட்கும் கட்டம் திரையில் வந்ததும் ‘யெஸ்’ அழுத்தப்பட்டால் அந்தச் சுவர் விழுந்துவிடுகிறது. விளையாட்டை நிறுவ வேண்டும் என்று பிள்ளை நச்சரிக்கும்போது அந்தப் பாஸ்வேர்டு எத்தனை நாள் ரகசியமாக இருக்கும் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள். தவிர, பிட்லாக்கர் போன்ற பூட்டு போடாத வட்டை, பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஏற்றினால் எந்தக் கணக்கின் பாஸ்வேர்டும் இல்லாமல் படித்துவிடலாம்.

இரண்டாவது, விண்டோஸிலேயே இருக்கும் ‘ரீசெட் திஸ் பிசி’ போதாதா என்பது. விண்டோஸ் 11 முறையாக ஓடும் கணினியானால் போதும், இரண்டு நிபந்தனைகளுடன். எல்லாவற்றையும் நீக்கு என்று தேர்ந்த பிறகு, அமைப்புகளை மாற்று என்பதற்குள் போய் ‘க்ளீன் டேட்டா’ என்பதை இயக்க வேண்டும். வழக்கமாக அது அணைந்தே இருக்கும், அணைந்திருந்தால் வட்டு துடைக்கப்படாது. அடுத்து, நிறுவும் கோப்புகளைக் கணினியிலிருந்தே எடுக்காமல் ‘க்ளவுட் டவுன்லோட்’ வழியாக இணையத்திலிருந்து இறக்கச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே தீநிரல் புகுந்த கணினியின் கோப்புகளை வைத்தே அதைப் புதுப்பிப்பதில் பொருளில்லை. ஆனால் பிள்ளைகளுக்குப் போகும் கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 11 ஓடக்கூடியவை அல்ல. இன்டெல்லானால் ஏறக்குறைய 8ஆம் தலைமுறைச் செயலி, அதாவது 2017க்குப் பிந்தியது, கூடவே டிபிஎம் 2.0 சில்லும் வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14 அன்று நின்றுவிட்டன. வீட்டுப் பயனர்களுக்கான நீட்டிப்பும் 2026 அக்டோபர் வரைதான். துடைத்துவிட்டு அதே விண்டோஸ் 10ஐப் போட்டுக் கொடுத்தால், காவல் குறைந்த இடத்தின் கதவையும் கழற்றிவைத்த மாதிரி ஆகும். ரூஃபஸ் போன்ற கருவியால் தகுதிச் சோதனையைத் தாண்டி 11ஐ நிறுவ முடியும். அப்படி நிறுவியதற்குத் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. பிள்ளைக்கான கணினியில் அந்தச் சூதாட்டம் வேண்டாம்.

அப்படியானால் லினக்ஸ். உடனே மூன்றாவது மறுப்பு வருகிறது: பள்ளிப் பாடத்துக்கு அது உதவுமா? தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தின் கணினி அறிவியலில் பதினோராம் வகுப்புக்கு சி++, பன்னிரண்டுக்குப் பைத்தான். இரண்டும் லினக்ஸில் கூடுதல் செலவின்றி ஓடுபவை. சிபிஎஸ்இ மாணவருக்கு வேண்டிய பைத்தானும் மைஎஸ்க்யூஎல்லும் அப்படியே. கேரளத்தில் அரசின் கைட் நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளத்தையே பள்ளிகளுக்குத் தயாரித்துத் தருகிறது. அங்கே ஒரு தலைமுறையே அதில் படித்து வந்திருக்கிறது. தமிழ்நாட்டிலும் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் பலவற்றில், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தே வந்தது. கொண்டுபோனவர்கள் அதை அழித்து விண்டோஸ் போட்டுக்கொண்டார்கள் என்பது வேறு கதை. அந்த மடிக்கணினிகளே இன்று அக்கா அண்ணனிடமிருந்து தங்கை தம்பிக்கு இறங்குகின்றன என்பதால் இங்கே சொல்வது அவற்றுக்கும் பொருந்தும். மறுப்பில் உண்மையான பகுதியும் இருக்கிறது. விண்டோஸில் மட்டுமே ஓடும் தேர்வு மென்பொருளைப் பள்ளி கேட்டால், அல்லது பிள்ளை ஆட விரும்பும் விளையாட்டு லினக்ஸில் இல்லாவிட்டால், இந்த வழி அடைபட்டுவிடும். துடைக்குமுன்பே பள்ளியிடம் கேட்டுவிடுங்கள்.

கடையில் கொடுத்து ஓஎஸ் போட்டு வாங்குவது பலரின் வழக்கம். முறையான விண்டோஸைப் போட்டால் அதில் தவறில்லை. ஆனால் உரிமத்தை ஏமாற்றும் ‘ஆக்டிவேட்டர்’ கொண்டு நிறுவும் கடைகளும் உண்டு. அதை ஓடவிட முதலில் வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்வார்கள். அந்த ஒரு காரியமே போதும், அந்தக் கணினியில் மேற்கொண்டு எதையும் நம்ப முடியாது. பல வீடுகளில் அதற்குத் தேவையே இல்லை என்பதுதான் வேடிக்கை. விண்டோஸ் 8 காலத்திலிருந்து முறையாக விண்டோஸோடு விற்ற கணினிகளின் உரிமம் தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும். விண்டோஸ் 10க்குப் பிறகு கணினியின் வன்பொருளோடு சேர்த்து மைக்ரோசாஃப்டின் பதிவிலும் இருக்கும். நிறுவும்போது சாவி என்னிடம் இல்லை என்று சொல்லிவிட்டு, முன்பிருந்த பதிப்பையே தேர்ந்தெடுத்தால், இணையம் கிடைத்ததும் தானாகவே உரிமம் பெற்றுவிடும்.

வேலைக்கு வருவோம். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். பெரும்பாலான பழைய கணினிகளுக்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் பரிந்துரைக்கிறேன். 2 ஜிபி ரேம் இருந்தால் ஓடும், 4 ஜிபி இருந்தால் வசதியாக ஓடும். 64 பிட் செயலி வேண்டும். அதற்கும் பழையதானால் ஆன்ட்டிஎக்ஸ் போன்ற இலகுவான ஒன்றைத் தேட வேண்டியதுதான். மின்ட்டை வேறொரு கணினியில் இறக்கி, பலேனா எட்சர் அல்லது ரூஃபஸ் கொண்டு பென்டிரைவில் எழுதி, பழைய கணினியில் சொருகி எஃப்12 அல்லது எஸ்கேப் விசையை அழுத்தியபடி இயக்கினால், வட்டைத் தொடாமலே மின்ட் முழுதாகத் திறக்கும். ஒலி, வைஃபை, கேமரா, டச்பேட் எல்லாம் வேலை செய்கின்றனவா என்பதை அப்போதே பார்த்துக்கொள்ளலாம். பழைய மடிக்கணினிகளில் அதிகம் முரண்டுபிடிப்பது பிராட்காம் வைஃபை. அப்படியானால் கைபேசியை யுஎஸ்பி வழியே இணைத்து, அதன் இணையத்தைக் கொண்டு டிரைவரை இறக்கிக்கொள்ளுங்கள். நேரம் ஓயாமல் பின்னோக்கிப் போனால் தாய்ப்பலகையின் பொத்தான் பேட்டரியை மாற்றுங்கள். பல கணினிகளில் அது சிஆர்2032 வகை, கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். தேதி தவறினால் பாதுகாப்பான இணையதளங்கள் எதுவும் திறக்காது என்பது பலரைக் குழப்பும் விஷயம். லேப்டாப் பேட்டரி உப்பியிருந்தால் மேற்கொண்டு எதுவும் செய்யாமல் முதலில் அதை அகற்றச் சொல்லுங்கள்.

பென்டிரைவில் ஓடும் மின்ட்டிலேயே ‘டிஸ்க்ஸ்’ என்ற கருவி இருக்கிறது. அதில் முதலில் வட்டின் ஸ்மார்ட் விவரத்தை, அதாவது வட்டு தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் பதிவை, பாருங்கள். பழுதாகி ஒதுக்கப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஃபார்மட் டிஸ்க் என்பதில், ஏற்கெனவே உள்ளதைச் சுழியங்களால் மேலெழுது என்ற மெதுவான வழியைத் தேர்ந்தெடுங்கள். பென்டிரைவைத் தவறித் தேர்ந்துவிடாமல் வட்டின் அளவைப் பார்த்து உறுதி செய்யுங்கள். முடிந்ததும் ஸ்மார்ட் விவரத்தை மீண்டும் பாருங்கள். ஒவ்வொரு செக்டரிலும் எழுத வேண்டியிருந்ததால், பலவீனமானவை இப்போது வெளிப்பட்டிருக்கும். துடைப்பதில் யாரும் சொல்லாத லாபம் இது: அதுவே வட்டுக்கான முழுச் சோதனையாகவும் ஆகிறது. எண்ணிக்கை ஏறியிருந்தால் அந்த வட்டில் பிள்ளையின் வீட்டுப்பாடத்தை நம்பி வைக்காதீர்கள், எஸ்எஸ்டி ஒன்று வாங்கி மாற்றிவிடுங்கள். வட்டு நன்றாக இருந்தாலும் மாற்றுவதற்கு ஈடான வேகம் வேறெதிலும் கிடைக்காது. கழற்றிய வட்டு மேசை இழுப்பறையில் தூங்கப் போகிறதென்றால் அதையும் துடைத்திருப்பது நல்லது.

கணினியில் ஏற்கெனவே எஸ்எஸ்டி இருந்தால் கதை மாறும். தேய்மானம் சீராக இருக்க, நாம் ஓரிடத்தில் எழுதச் சொல்வதை எஸ்எஸ்டி வேறிடத்தில் எழுதிக்கொள்கிறது. வெளியே தெரியாத உபரி இடமும் அதில் உண்டு. எனவே தனிக்கோப்பை மேலெழுதுவதில் பலனில்லை. முழுவதையும் மேலெழுதினாலும் மூலைகளில் மிச்சம் இருக்கலாம். எஸ்எஸ்டிக்கே ‘செக்யூர் எரேஸ்’ என்ற கட்டளை உண்டு, தன்னைத் தானே காலி செய்துகொள்ளச் சொல்வது. சாம்சங்கின் மஜிஷியன், குருஷியலின் ஸ்டோரேஜ் எக்சிக்யூட்டிவ் போன்ற தயாரிப்பாளரின் கருவிகளில் அது கிடைக்கும். அலுவலக வகை மடிக்கணினிகள் பலவற்றின் பயாஸிலும் கிடைக்கும். முதல் நாளிலிருந்தே பிட்லாக்கரால் பூட்டியிருந்த வட்டானால், சாவியோடு எல்லாம் அழிந்ததாகவே கொள்ளலாம், சாதாரண நிறுவலே போதும்.

நிறுவும்போது உருவாகும் முதல் கணக்கு உங்களுடையதாக இருக்கட்டும், நிர்வாகி என்ற தகுதியோடு. அதன் பின் பிள்ளைக்கு சாதாரணக் கணக்கு. விண்டோஸ் 11 ஆனால் நிறுவும்போதே மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும். அங்கே உங்கள் அன்றாடக் கணக்கைக் கொடுத்தால் ஒன்டிரைவ் உங்கள் ஆவணங்களைத் திரும்பக் கொண்டுவந்து நிரப்பத் தொடங்கி, துடைத்த வேலையே வீணாகும். இந்தக் கணினிக்கென்று வேறொரு கணக்கைத் தொடங்குங்கள். இங்கே உங்கள் மின்னஞ்சலைத் ‘தற்காலிகமாக’க்கூடத் திறக்காதீர்கள். உங்கள் கைபேசியில் கூகுள் கணக்கின் சாதனப் பட்டியலுக்குப் போய் பழைய கணினியின் பெயரை வெளியேற்றிவிடுங்கள். டிஎன்எஸ் அமைப்பில் கிளவுட்ஃபிளேரின் 1.1.1.3 என்ற முகவரியைக் கொடுத்தால் தீநிரல் தளங்களும் ஆபாசத் தளங்களும் பெருமளவு திறக்காது. ‘பெருமளவு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். உலாவியின் அமைப்பை மாற்றத் தெரிந்த பிள்ளைக்கு அது பெரிய தடையல்ல, யூடியூபுக்குள் என்ன ஓடுகிறது என்பதும் அந்த வடிகட்டிக்குத் தெரியாது.

காலியான கணினியைக் கொடுத்தால் பிள்ளைக்குச் சலித்துவிடும் என்பதால் சிலவற்றை நிரப்பியே கொடுக்கலாம். சிறியவர்களுக்கு ஜிகாம்ப்ரி, டக்ஸ் பெயின்ட். கொஞ்சம் பெரியவர்களுக்கு லிப்ரே ஆஃபிஸ், பைத்தான். கிவிக்ஸ் என்ற செயலியில் தமிழ் விக்கிப்பீடியாவை இறக்கிவைத்தால் இணையம் இல்லாமலே படிக்கலாம். தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையை, லினக்ஸின் உள்ளீட்டுக் கருவியான ஐபஸ் வழியாகச் சேர்த்துவிடுங்கள். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டிப் பழகாத கைக்கு அதுவே சுலபம், பிள்ளையின் கை இன்னும் எதற்கும் பழகியிருக்காது.

எட்டாம், ஒன்பதாம் வகுப்பு வந்ததும் பிள்ளை நிர்வாகி பாஸ்வேர்டைக் கேட்கும். கொடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். உங்களுடையது எதுவும் அங்கே இல்லாததால், மிஞ்சிப்போனால் கெட்டுப்போவது பிள்ளையின் ஒரு வாரப் பாடம்தான். அதையும் வாரம் ஒருமுறை இன்னொரு பென்டிரைவில் நகலெடுக்கச் சொல்லிவிட்டால் ஆயிற்று. நிறுவப் பயன்படுத்திய பென்டிரைவில் படம் ஏற்றிக் கொடுத்துவிடாமல் தனியே வையுங்கள். மின்ட் 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை திருத்தங்கள் வரும். அதுவரை எத்தனை முறை கெடுத்தாலும் அதே பென்டிரைவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் மீண்டும் நிறுவிக்கொள்ளலாம்.